குளம் மீத்தேன் விடுகிறதாம், மூடினால் பூமிக்கு நல்லதாம்: அத்தானுக்கு என்ன பதில் சொல்ல?

பேட்டைக்காரன்:

கேள்வி அறிவியல்தான், ஆனால் கிளம்பிய இடம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி.

எங்கள் பக்கத்துக் குளம் நூறு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால் நிறையும், நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகாலில் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். கீழே இருந்த வயல்கள் ஒவ்வொன்றாக மனையாகி, இப்போது குளத்தின் உள்வாயிலேயே, தண்ணீர் நிற்கிற இடத்திலேயே, மேற்கு ஓரமாகக் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து தட்டுகிறார்கள். ராத்திரி டிராக்டர் சத்தம் கேட்கும், காலையில் போய்ப் பார்த்தால் உடைந்த டைல்ஸும் செங்கலும் கம்பித் துண்டுமாக மேடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்திருக்கும். மிச்சக் குளத்தில் பாதி அமலைச்செடி (ஆகாயத்தாமரை), பாதி சீமைக்கருவேலம். தெருச் சாக்கடையும் அதில்தான் விழுகிறது.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நிலம் வாங்கி விற்கிற தொழில். அந்த மேட்டில் தனக்குப் பங்கில்லை என்று சத்தியம் பண்ணுகிறார், நம்புகிறேன். ஆனால் பந்தியில் பேச்சு வந்தபோது அவர் சொன்னது இது: "ஏ மாப்ள, உலகத்துல மீத்தேன் அதிகமா விடுறதே சதுப்பும் குளமும்தான். மீத்தேன் கரியமில வாயுவ விட இருபத்தெட்டு மடங்கு சூடு. அப்போ ஒரு குளத்த மூடுனா பூமிக்கு நல்லதுதான டே?" போனில் ஏதோ படம் வேறு காட்டினார். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள், ரசம் வந்தது, பேச்சு அத்தோடு போய்விட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. அவர் சொல்வதில் உண்மை எவ்வளவு? குளமும் வயலும் போனதால்தான் வெயில் தாங்க முடியவில்லை என்று அம்மா சொல்வது சரியா, இல்லை வயதானவர்கள் வழக்கமாகச் சொல்வதா? 2023 டிசம்பரில் நம் தாமிரபரணிப் பக்கம் வந்த வெள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? போஸ்டர் வசனமெல்லாம் வேண்டாம், அதை அவரிடம் சொன்னால் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்.

முக்கூடல்:

மாடும்தான் மீத்தேன் விடுகிறது. முதலில் உங்கள் அத்தானுக்குப் பால் இல்லாத காப்பியாகக் கொடுங்கள், அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

வடகால்:

கிண்டலை விடுங்கள் அண்ணாச்சி. அத்தான் சொன்ன தகவல் இரண்டும் கிட்டத்தட்டச் சரி, அவர் அதிலிருந்து எடுத்த முடிவுதான் கோளாறு.

இயற்கையாக வெளிவரும் மீத்தேனில் முதலிடம் ஈரநிலங்களுக்குத்தான். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு, இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்குப் பக்கம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சேற்றுக்குள் காற்று போகாது, காற்றில்லாத இடத்தில் தழை மக்கினால் மீத்தேன் வரும். வற்றுகிற குளத்தின் ஓரச் சேற்றில் ஒரு கம்பை இறக்கி இழுத்தால் கொப்புளம் கொப்புளமாக வருமே, அதில் பெரும்பங்கு அதுதான்.

அதே காற்றில்லாத சேறு இன்னொரு வேலையும் பார்க்கிறது. அங்கே மக்குவது மெதுவாக நடப்பதால் வந்து விழுந்த தழையின் கரிமம் முழுசும் வெளியேறாமல் அடியில் தங்குகிறது. வருஷத்துக்குக் கொஞ்சம்தான், ஆனால் பல நூறு வருஷமாகச் சேர்ந்த இருப்பு. மீத்தேனோ காற்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் நிற்கும், பிறகு சிதைந்துவிடும். காலங்காலமாக இருக்கிற ஒரு நீர்நிலை இன்றைக்கு விடுகிற மீத்தேன், அது முன்பு விட்டு இப்போது சிதைகிறதற்குப் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. மூடி வடியவிட்டால் அடியில் கிடந்த கரிமத்தில் காற்றுப் படும், அது கரியமில வாயுவாகி மேலே ஏறும், ஏறினால் நூற்றாண்டுக் கணக்கில் இறங்காது. இதைத்தான் அத்தான் காட்டிய படம் சொல்லியிருக்காது.

இதன் பெரிய உதாரணம் பீட் என்கிற கறுப்புச் சதுப்பு. பூமியின் நிலப்பரப்பில் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அதில் கிடக்கிறது. வடியவிட்ட பீட் நிலங்களிலிருந்து மட்டும், மனிதர்களால் வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 5 சதவீதம் வருகிறது. இந்தோனேசியாவில் நெல் போடுவதற்கென்று வாய்க்கால் வெட்டி வடியவிட்ட சதுப்பு 1997-ல் மாதக்கணக்கில் எரிந்து பக்கத்து நாடுகள் வரை புகை போனது.

ஆனால் இதை அப்படியே நம் குளத்தில் ஒட்டக் கூடாது. நம்முடையது பீட் கிடையாது, வருஷாவருஷம் காய்ந்து, கரம்பை (அடியில் படிந்த வண்டல்) அள்ளி, மறுபடி நிறைந்து வந்த குளங்கள். உங்கள் குளத்தை மூடினாலும் மூடாவிட்டாலும் உலகக் கணக்கில் பெரிதாக எதுவும் அசையாது. மீத்தேன் பேச்சை எடுத்தவர் அத்தான் என்பதால் அந்தக் கணக்கிலேயே ஒன்று சொல்கிறேன்: சாக்கடை விழுந்து அமலைச்செடி அழுகிக் கிடக்கிற குளம், சுத்தமான குளத்தைவிட அதிகமாக மீத்தேன் விடும். அழுகுவதற்குச் சரக்கு கூட, தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அவருக்கு அவ்வளவு கவலை என்றால் மூட வேண்டியது சாக்கடை வந்து விழுகிற வாயைத்தான்.

(கடலோரச் சதுப்புக்கு இந்த வாதமே செல்லாது. புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேருகிற இடத்தில் அலையாத்தி நிற்கிறதல்லவா, உப்புநீரில் சல்பேட் இருப்பதால் அங்கே மீத்தேன் உண்டாவது குறைவு, சேற்றில் கரிமம் சேர்வதோ அதிகம்.)

இப்போது அம்மா சொன்ன வெயில். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கோடையில் ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள், 20 ஆயிரம் லிட்டர். அதற்கு 13 ஆயிரம் யூனிட்டுக்கு மேல். அவ்வளவு வெயிலையும் அந்த ஒரு ஏக்கர் வாங்கி ஆவியாக மாற்றி அனுப்பிவிடுகிறது. அந்த இடத்தில் கான்கிரீட் இருந்தால் அதே வெயில் தரையையும் சுவரையும் சுட வைக்கும், பொழுது சாய்ந்த பிறகு உங்கள் வீட்டுக்குள் வரும். பாளையங்கோட்டை 100 டிகிரியைத் தாண்டியது என்று பேப்பரில் போடுவது பகல் சூட்டைத்தான், ராத்திரி சூடு தனிக் கதை.

பேட்டைக்காரன்:

நன்றி அண்ணாச்சி. ஒரு சந்தேகம். அத்தான் இதற்கும் பதில் வைத்திருப்பார். குளத்துப் பக்கம் புழுக்கம் அதிகம், கொசு அதிகம் என்பார். புழுக்கம் உண்மைதானே?

வடகால்:

உண்மைதான். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது. தண்ணீர் பகலில் வாங்கிய சூட்டை மெதுவாக விடுவதால் கரையோரம் ராத்திரி சில்லென்று ஆகாது. காற்றோட்டம் இருந்தால் பிரச்சினையில்லை. ஆனி ஆடியில் கணவாய் வழியாக இறங்குகிற காற்றை நினைத்துப் பாருங்கள், கார் நெல் நட்ட வயல் மேலே வந்தால் ஒரு மாதிரி, வெறும் மனைக்கல் மேலே வந்தால் வாயெல்லாம் மண். கொசுவுக்குக் குளத்தைச் சொல்ல முடியாது, மீனும் தட்டானும் இருக்கிற குளத்தில் கொசுப்புழு அதிகம் தேறாது, அமலைச்செடிக்கு அடியில் தேங்கிய சாக்கடையில்தான் தேறும்.

கரம்பைமண்:

நான் தாமிரபரணியில் மருதூர் கீழக்கால் பாசனம். வடகால் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லோரும் குளத்தையே பேசுகிறீர்கள், வயலை விட்டுவிட்டீர்கள். குளம் சாவது வயலில் ஆரம்பிக்கிறது.

எப்படி என்றால், முதலில் ஆயக்கட்டில், அதாவது அந்தக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில், நாலு பேர் விற்பார்கள். பிள்ளைகள் வெளியூர், கூலி கட்டவில்லை, குற்றம் சொல்ல முடியாது. நடுவில் மனை வந்ததும் வாய்க்கால் அறுந்துவிடும், கடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது, அவனும் விற்பான். பிறகு மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆள் கிடையாது. தண்ணீர் திறந்தால் வீட்டுக்குள் வருகிறது என்று மனைக்காரர்களே மடையை அடைக்கச் சொல்லுவார்கள். பாசன வாய்க்கால் சாக்கடையாகிவிடும். பத்து வருஷத்தில் அந்தக் குளம் யாருக்கும் வேண்டாத குளம், அப்போதுதான் உங்கள் ஊர் டிராக்டர் வரும். டிராக்டர் கடைசியில் வருகிற ஆள்.

8 அணைக்கட்டு, 11 கால்வாய், 86 ஆயிரம் ஏக்கர் என்று தாமிரபரணிப் பாசனத்தைச் சொல்லுவோம். நஞ்சையும் ஒரு ஈரநிலம்தான், வரப்புக் கட்டின ஈரநிலம். ஒரு ஏக்கரில் நாலு அங்குலம் தண்ணீரை வரப்புக்குள் நிறுத்தினால் நாலு லட்சம் லிட்டர். அது போய்விட்டது என்றால் அந்த நாலு லட்சமும் தெருவில் ஓடும்.

குளத்துக்கும் கணக்குச் சொல்கிறேன். நூறு ஏக்கர், சராசரி ஆறடி ஆழம், 26 மில்லியன் கன அடி. விநாடிக்கு 300 கன அடி ஓடுகிற ஒரு கால்வாயை அது ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க உள்ளே வாங்கிக்கொள்ளும். இரண்டடி வண்டல் ஏறினால் அதில் எட்டு மணி நேரம் போச்சு. மேற்கு ஓரத்தில் பத்து ஏக்கர் மேடாக்கினால் இன்னும் கொஞ்சம். வெள்ளம் வரும்போது எட்டு மணி நேரம் என்பது மாடு கன்றை அவிழ்த்துவிட்டு, சாமானை மேலே ஏற்றுகிற நேரம்.

ஆனால் 2023-ஐ முழுசாகக் குளத்தின் தலையில் போடாதீர்கள். டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, ஒரு வருஷ மழையைவிட அதிகம். எந்தக் குளமும் அதைத் தாங்காது. எங்கள் பக்கம் நல்லா இருந்த குளமும் உடைந்தது, மேல்குளம் உடைந்து அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கீழ்க்குளத்தில் இறங்கி அதுவும் உடைந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு நின்றதே, தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அன்றைக்கு மழைதான் ஜெயித்தது. என் வருத்தம் வேறே, அடுத்து வருகிற 20 சென்டிமீட்டர், 25 சென்டிமீட்டர் மழைக்கெல்லாம் அதே மாதிரி முழங்கால் தண்ணீர் நிற்கிறது பாருங்கள், அதற்குத்தான் மறுகால் ஓடை மேலே வீடு கட்டினது காரணம்.

அப்புறம் மீத்தேன் பேச்சில் நெல் வயலும் உண்டு, ஒளிக்க வேண்டாம். தண்ணீர் கட்டியே வைத்த வயல் மீத்தேன் விடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விட்டால் பாதி அளவு வரை குறையும் என்று வேளாண் துறைக்காரர்கள் சொல்லித் தருகிறார்கள், தண்ணீரும் மிச்சம். ஆனால் கடைமடைக்காரனுக்கு முறை வைத்துத் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் அவன் வயலைக் காயவிடுவான், இல்லாவிட்டால் வந்தபோது கட்டிவைத்துக்கொள்ளத்தான் பார்ப்பான். நானும் அப்படித்தான்.

முக்கூடல்:

"டிராக்டர் கடைசியில் வருகிற ஆள்". இதை அத்தானுக்கு அனுப்பலாம்.

நாங்குநேரி டீச்சர்:

வெள்ளத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், பெய்தால் அதையும் சேர்த்துக் கொட்டும். மழை ஒரு பக்கம் கனத்துக்கொண்டே போகும்போது வாங்கி வைக்கிற பாத்திரத்தை நாம் சிறிதாக்கிக்கொண்டே போகிறோம். உலக அளவில் 1970-க்கும் 2015-க்கும் நடுவில் மட்டும் ஈரநிலங்களில் சுமார் 35 சதவீதம் போய்விட்டதாக, ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் அமைப்பின் அறிக்கை சொல்கிறது, காடு அழிகிற வேகத்தைவிட இது அதிகம்.

பேட்டைத் தம்பி, சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அத்தான் அடுத்து அங்கேதான் வருவார். மத்திய அரசின் 2017-ஆம் வருஷத்து ஈரநில விதிகள் இருக்கின்றன. அதில் ஈரநிலம் என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே ஆற்றுப் படுகை, நெல் வயல், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் வெட்டின குளம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டார்கள். நம் மாவட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது சொல்லுங்கள். ஆயிரம் வருஷத்துக் குளமாக இருந்தாலும் மனுஷன் வெட்டினது, பாசனத்துக்கு வெட்டினது, அதனால் விதிக்குள் வராது. பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள் என்று கொண்டாடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து எரிச்சலாக இருக்கும்.

எங்கள் பக்கம் கூந்தன்குளம் தப்பித்தது வேறு வழியில். அதுவும் பாசனக் குளம்தான், ஆனால் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. அறிவிப்புக்கு ரொம்ப முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் பறவையைக் காப்பாற்றி வந்தவர்கள், தீபாவளிக்கு வெடி போடுவது கிடையாது, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடுவார்கள். மஞ்சள்மூக்கு நாரை தெருவிலுள்ள மரத்தில் கூடு கட்டும், கீழே போகிறவர் சட்டை தப்பாது, யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு, வெறும் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. ஆனால் மணிமுத்தாறுத் தண்ணீர் வராத வருஷம் குளம் காயும், பறவையும் வராது. பட்டியலில் பெயர் ஏறினதால் மழை பெய்துவிடாது.

தேரிக்காட்டான்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

குளத்தைக் காப்பாற்றுகிறோம் என்று வருகிறவர்களையும் பார்த்துவிட்டேன். ஜேசிபியை இறக்கி, சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, கரையில் நடைபாதை, பெஞ்சு, லைட்டு. குளம் தொட்டியாகிவிடும். மடை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகாது, அடியிலேயே கிடக்கும். ஓரத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர் இருந்தால்தான் நாரையும் உள்ளானும் இறங்கி மேயும். செங்குத்துக் கரையில் ஆடு மாடு இறங்க முடியாது, தவறி விழுந்த பிள்ளை ஏற முடியாது. கோரையும் சம்பும் நிற்கிற ஓரச் சேறுதான் குளத்தின் பாதி வேலையைப் பார்க்கிறது, அதை அசிங்கம் என்று வழித்துவிடுகிறார்கள்.

கரம்பை அள்ளுவது நல்லதுதான், விவசாயி அனுமதி வாங்கி வயலுக்கு எடுக்கலாம், எங்கள் செம்மண்ணுக்கு அது மருந்து. ஆனால் விவசாயி பெயரில் வாங்கிய அனுமதியில் போகிற லாரி எத்தனை செங்கல் சூளையில் போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்வாயில் வேரோடு எடுங்கள், சரி. அது போனவுடன் குளம் நிறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். வரத்துக்கால் திறந்திருந்தால்தான் தண்ணீர் வரும், அதன் மேலேதான் ஏற்கெனவே ரோடு போட்டாயிற்றே. குளத்தைத் தூர்வாரிப் போட்டோ எடுப்பவர்கள் யாரும் வரத்துக்காலில் நாலு கிலோமீட்டர் நடந்து பார்ப்பதில்லை.

கரம்பைமண்:

தேரிக்காட்டான் சொல்வது நூத்துக்கு நூறு. எங்கள் ஊரில் மடையை விட்டுவிட்டு பெஞ்சு போட்டார்கள். உட்கார்ந்து பார்க்க அமலைச்செடி இருக்கிறது.

பேட்டைக்காரன்:

படித்துவிட்டு அத்தானிடம் பேசினேன். மீத்தேன் பேச்சை அவர் அப்படியே விட்டுவிட்டார், "சும்மா சொன்னேன் மாப்ள" என்றார். ஆனால் டீச்சர் சொன்ன மாதிரியே சட்டத்துக்கு வந்துவிட்டார். அந்த மேடு குளமே இல்லையாம், பட்டா நிலமாம், யாரோ அவரிடம் காகிதம் காட்டினார்களாம். இதை எப்படிச் சரிபார்ப்பது?

நாங்குநேரி டீச்சர்:

பட்டாவை மட்டும் பார்த்தால் போதாது தம்பி. அந்தச் சர்வே எண்ணுக்கு அ பதிவேடு (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுங்கள், அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். குளம், ஓடை, வாய்க்கால் என்று வகைப்படுத்தியிருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. கூடவே அந்த எண்ணின் எல்லையைக் காட்டும் புலப்படமும் எடுத்து மேட்டின் ஓரத்தை அதில் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பட்டா நிலத்தின் எண்ணைக் காட்டிக் குளத்துக்குள் நகர்ந்து வருவதுதான் வழக்கமான வேலை. உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண் எது என்றும் கேட்க வேண்டும், தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டின் நகலுக்கு மனு போடுங்கள், கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குளம் நீர்வளத் துறைக் கட்டுப்பாட்டில் இருந்தால் 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும், அதன்படி குளத்தின் எல்லையை அளக்கச் சொல்லியே மனு கொடுக்கலாம். ஒரு ஆளாகப் போகாமல் ஆயக்கட்டில் இன்னும் வயல் வைத்திருக்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கையெழுத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

தேரிக்காட்டான்:

டிராக்டரைப் படம் எடுக்கிறேன் என்று ராத்திரி தனியாகப் போய் நிற்காதீர்கள். பகலில் மேட்டை மட்டும் எடுங்கள், பின்னால் மறுகால் கல் தெரிகிற மாதிரி. எந்த இடம் என்று அப்புறம் யாரும் மறுக்க முடியாது.